அடுப்பில் ஏறினால் ஹலாலாகிவிடுமா?

 

செஞ்சிக் கோட்டையை அடுத்த மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடியால் வெளியிடவில்லை. அவர்களுடைய மருமகள் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். தொழுகை தவறாத பெண், மாமியின் மனம் கோணாமல் நடக்கும் பெண் என்று அந்தத் தாயே எழுதுகிறார்கள். மருமகளின் அண்ணன் பிரான்சு நாட்டில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வந்தவர் தங்கைக்கு ஒரு புட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆரஞ்சுப் பழ மணமும் இனிப்பும் உள்ள பானகம் போன்ற ஒன்று. பாம்பே டோஸ்ட் செய்யும்போது முட்டையும் பாலும் கலக்கிய பாத்திரத்தில் இதில் ஒரு மேசைக்கரண்டி விட்டால் மணம் தூக்கும் என்று சொல்லிக்கொடுத்தாராம். அவ்வாறே மூன்று மாதமாக வீட்டில் நடந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள். ரமலானில் ஸஹர் நேரத்திலும் அதுவே பலகாரம். ஒரு நாள் கல்லூரியில் படிக்கும் இளைய மகன் புட்டியின் மேலிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "அம்மா, இது நாற்பது சதவீதம் சாராயம்" என்று சொல்ல, வீடு இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது.

மருமகள் அழுதுகொண்டே சொன்ன பதில் இது: "மாமி, சாராயம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், வாசனை மட்டும்தான் நிற்கும் என்று அண்ணன் சொன்னார்." அன்றிலிருந்து மூத்த மகன் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "ஆவியாகிப் போனது ஹராமா? நாங்கள் தின்றதற்கு என்ன பரிகாரம்? சட்டி பானைகளை என்ன செய்வது? என் மருமகளை நான் எப்படித் தேற்றுவது?" என்று அந்தத் தாய் கேட்கிறார்கள். புட்டியில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறதாம்.

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரான்சோடு உறவுள்ள முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பெரிய விடுதிகளில் சமைக்கும் நம் பிள்ளைகள் உண்டு. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பலகாரத்தின் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரெட் துண்டை முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்த கலவையில் தோய்த்து நெய்யில் வாட்டி எடுப்பதைத்தான் நம் தேநீர்க் கடைகளில் பாம்பே டோஸ்ட் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'வீணாய்ப்போன ரொட்டி' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்து கட்டையாகிப்போன ரொட்டியைத் தூக்கி எறியாமல் பாலில் ஊறவைத்து மீட்டெடுத்ததால் வந்த பெயர் அது. உணவை வீணாக்காமையில் பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய அக்கறையை நாம் அறிவோம். கீழே விழுந்த கவளத்தையும் தூசி தட்டி எடுத்து உண்ணும்படி கூறியவர்கள் அவர்கள். ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்த ஸரீத் அவர்களுக்கு மிகப் பிரியமான உணவு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பைச் சொல்லும்போது அந்த ஸரீதையே உவமையாக எடுத்துச் சொன்னார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நம் திருமண விருந்துகளில் வரும் பிரெட் அல்வாவும், ஐதராபாத்துக்காரர்களின் ஷாஹி துக்கடாவும் ஊறிய ரொட்டியின் சொந்தக்காரர்களே. ஆகவே மருமகள் பாம்பே டோஸ்ட் செய்வதை நிறுத்த வேண்டியதில்லை.

குற்றம் அந்த ஒரு கரண்டியில்தான் இருக்கிறது. அதை லிக்யூர் என்கிறார்கள். வடித்தெடுத்த சாராயத்தில் பழத்தோலையோ மூலிகையையோ ஊறவைத்துச் சர்க்கரை சேர்ப்பது. இனிப்பாக இருப்பதால் சர்பத் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. ஆரஞ்சுத் தோலில் செய்யும் குவான்த்ரோ, கிரான் மார்னியே இரண்டிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயம். பின்னதில் சேர்வது திராட்சை மதுவை வடித்த கொன்யாக் என்னும் பிராந்தி. பீர் என்பதில் பொதுவாக ஐந்து பங்கு அளவுதான் இருக்கும் என்றால் இதன் கடுமையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி என்றால் அதில் 6 மில்லி தூய சாராயம்.

மருமகளின் அண்ணன் சொன்ன ஆவிக் கணக்கைப் பார்ப்போம். சாராயம் 78 பாகை வெப்பத்தில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. அதனால் சாராயம் முன்னே ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் கலந்துவிட்ட பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரின் ஆவியோடு சேர்ந்து சிறுகச் சிறுகத்தான் சாராயம் வெளியேறுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை இதை அளந்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. உணவில் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் நூற்றில் நாற்பது பங்கு சாராயம் மிஞ்சுகிறது. அரை மணி வெந்தால் 35, ஒரு மணி வெந்தால் 25. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் ஐந்து பங்கு இருக்கிறது. விடுதிகளில் வேடிக்கை காட்ட மேலே ஊற்றித் தீக் கொளுத்துகிறார்களே, அதில் முக்கால் பங்கு உணவிலேயே தங்கிவிடுகிறது! பாம்பே டோஸ்ட் கல்லில் கிடக்கும் நேரம் எவ்வளவு? பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் கருகிவிடும். பிரெட் துண்டின் நடுப்பகுதி ஈரமாக இருப்பதுதான் அதன் பக்குவமே. அந்த ஈரத்தில் என்ன இருக்கிறது என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

ஆனால் நாம் இந்த அட்டவணையை வைத்து ஹராம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நாளைக்கு ஒருவர் வந்து, "நான் மூன்று மணி நேரம் வேகவைத்தேன், ஒரு துளியும் இல்லை" என்பார். அவருக்கும் பதில் வேண்டும். அந்தப் பதிலை நம் இமாம்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் மறைந்தார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் அவர்களுடைய மின்ஹாஜில், மதுவை விட்டுப் பிசைந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவனுக்குக் குடித்தவனுக்குரிய தண்டனை உண்டா என்ற கேள்வி வருகிறது. இல்லை என்று விடை தருகிறார்கள். அப்படியானால் தின்னலாமா? விரிவுரையாளர்கள் காரணத்தை விளக்குகிறார்கள். மதுவின் பொருளை நெருப்புத் தின்றுவிட்டது, ஆகவே தண்டனை இல்லை. ஆனால் ரொட்டி நஜீஸாகவே நிற்கிறது. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மருமகளின் அண்ணன் சொன்ன அதே வாதத்தை, நெருப்பு மதுவைத் தின்றுவிட்டது என்பதை, நம் இமாம்கள் ஒப்புக்கொண்டே பேசுகிறார்கள். ஒப்புக்கொண்ட பிறகும் ரொட்டி அசுத்தம் என்கிறார்கள். ஏனென்றால் மது நஜீஸ். அது பாலில் விழுந்த கணத்திலேயே பால் நஜீஸாகிவிட்டது. அந்தப் பாலில் தோய்ந்த பிரெட்டும் அவ்வாறே. விழுந்த துளி பிறகு ஆவியாகிப் போய்விட்டதால் பால் துப்புரவாகிவிடாது. குழந்தையின் சிறுநீர்த் துளி விழுந்த பாலைச் சுண்டக் காய்ச்சினால் யாராவது குடிப்பார்களா?

ஹனஃபீ மத்ஹபில் ஹிதாயா என்னும் நூலை அறியாத ஆலிம் இல்லை. ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எழுதியது. மது சேர்த்துப் பிசைந்த மாவின் ரொட்டி அதிலும் வருகிறது. மதுவின் பாகங்கள் அதில் நிலைத்திருப்பதால் அதை உண்பது மக்ரூஹ், அதாவது தடுக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். அதே பாடத்தில் இன்னொரு சட்டமும் சொல்கிறார்கள். திராட்சைச் சாறு மதுவாவதற்கு முன் காய்ச்சினால், அது ஹராமாவதை அந்த நெருப்பு தடுக்கக் கூடும். ஹராமாகிவிட்ட பிறகு காய்ச்சினால் அந்த ஹராமை நீக்கும் ஆற்றல் நெருப்புக்கு இல்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சிலர் புத்திசாலித்தனமாக வேறொன்று கேட்பார்கள். ரம் கரும்புப் பாகிலிருந்து வருகிறது, திராட்சையும் அல்ல, பேரீச்சையும் அல்ல, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கருத்துப்படி போதை தராத அளவு கூடும் அல்லவா என்பார்கள். இமாமவர்களின் அந்தக் கருத்து நூல்களில் இருப்பது மெய்தான். ஆனால் மத்ஹபின் ஃபத்வா இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் சொல்லின் மீது நிற்கிறது. போதையூட்டும் பானம் எதுவாயினும் கொஞ்சமும் ஹராம், அதிகமும் ஹராம். பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததும் அதுவே. எது அதிகமானால் போதை தருமோ அதில் சிறிதளவும் ஹராம் என்ற நபிமொழியை ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளார்கள்.

"அப்படியானால் பிரெட்டே ஹராமாகிவிடுமே! ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும்போது அதிலும் சாராயம் உண்டாகிறதே!" என்று படித்த தம்பிகள் மடக்குவார்கள். உண்டாவது உண்மை. பழுத்த பழத்திலும் ஒரு துளி உண்டாகிறது. ஆனால் பிரெட்டையோ பழத்தையோ வண்டி வண்டியாகத் தின்றாலும் போதை வராது. அது மது என்ற பெயருக்கே உரியதல்ல. வெளியிலிருந்து மது எதையும் அதில் ஊற்றவுமில்லை. புட்டியில் இருப்பதோ மதுவேதான். தானாக உள்ளே பிறந்து அடங்கிவிட்ட அணுவும், மது என்று தெரிந்து கரண்டியால் மொண்டு ஊற்றியதும் ஒன்றாகா.

மேல்சித்தாமூர் என்றவுடன் நமக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஊர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்கள் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர்கள் பேணுதலைப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்வார்கள். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டார்கள். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது அவர்களுடைய இல்லறத்தார்க்கு விதி. (நமக்கோ தேன் மருந்து என்று திருமறையே சொல்லிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்!) கேக்கில் போட்ட முட்டை மாவோடு வெந்து கரைந்துவிட்டது, இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, எனவே அது முட்டையே அல்ல என்று ஒரு நயினார் வீட்டு அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா சிரித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். நம் வீட்டுப் பெண்ணிடம் மட்டும் இந்த வாதம் ஏன் செல்லுபடியாக வேண்டும்?

வெனிலா போன்ற எசென்ஸ்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். சில எசென்ஸ்களில் மணப்பொருளைக் கரைக்கச் சாராயம் பயன்படுகிறது. வேறு கரைப்பான்களில் செய்தவையும் கடையில் கிடைக்கின்றன. சாராயத்தில் கரைத்தவற்றில் இக்காலத்து ஹனஃபீ முஃப்திகள் பலர், அந்தச் சாராயம் திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் எடுக்கப்படாததாக இருந்து, உணவில் போதை தராத மிகச் சிறு அளவில் கலந்தால் சலுகை சொல்கிறார்கள். ஷாஃபிஈகள் தவிர்ப்பதே வழி. சீட்டைப் படித்துச் சாராயம் இல்லாததை வாங்கினால் இரு சாராருக்கும் கவலை இல்லை. விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இந்தச் சலுகையை இழுத்துக்கொண்டு போய், குடிப்பதற்கென்றே செய்த லிக்யூர் புட்டியின் மேல் போர்த்தக் கூடாது. புதுச்சேரியில் பேக்கரிக் கேக் வாங்கும்போதும், கிறிஸ்துமஸ் நாளில் அன்போடு வரும் பிளம் கேக்கிலும், ரம்மோ பிராந்தியோ சேர்ந்திருக்கிறதா என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் வெட்கம் என்ன?

இனி அந்தத் தாயின் மற்றக் கேள்விகள்.

அறியாமல் தின்றதற்குக் குற்றம் இல்லை. தவறுதலாகவும் மறதியாகவும் நிகழ்ந்ததை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்று நபிமொழி இருக்கிறது. ஸஹரில் அதைத் தின்று நோற்ற நோன்புகளை மீண்டும் நோற்க வேண்டியதில்லை. உளூவில் வாய் கொப்பளித்துத் தொழுத தொழுகைகளை எண்ணியும் கலங்க வேண்டாம். மது அருந்தியவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை, தெரிந்து துணிந்து குடித்தவனுக்குரியது. அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் ஊழியர் கொண்டுவந்த உணவு குறி சொல்லிப் பெற்ற காசில் வந்தது என்று தெரிந்ததும் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்தார்களே என்று அந்தத் தாய் எழுதியிருக்கிறார்கள். அது அப்பெருமகனாரின் உயர்ந்த பேணுதல். மூன்று மாதத்துக்கு முன் தின்றதற்காகப் பேரப்பிள்ளைகளைப் போட்டு வதைக்க அதில் ஆதாரமில்லை. பிள்ளைகளிடம் அமைதியாக, "அது நமக்கு ஆகாததாம், தெரியாமல் வாங்கிவிட்டோம், இனி வேண்டாம்" என்றால் போதும்.

சட்டி, வாணலி, கரண்டி எல்லாம் தேய்த்து, நிறமும் மணமும் சுவையும் போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவினால் சுத்தமாகிவிடும். ஹனஃபீகள் மூன்று முறை கழுவிக்கொள்ளட்டும். நாய் வாய்வைத்த பாத்திரம் போல் ஏழு முறை, மண் போட்டு, என்பதெல்லாம் இதற்கு இல்லை. வேதக்காரர்கள் பன்றி சமைத்து மது குடித்த பாத்திரங்களைப் பற்றி அபூஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அதில் உண்ணுங்கள் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் விடை தந்தார்கள். பாத்திரத்தை உடைத்து எறிய வேண்டியதில்லை.

மருமகளைத் தேற்றுவது எப்படி என்பதுதான் நம்மை அதிகம் உருக்கிய கேள்வி. மூத்த மகனுக்கு நாம் சொல்கிறோம்: தம்பி, உம்முடைய மார்க்க ரோஷம் நல்லதுதான். ஆனால் ஒரு முஸ்லிம் தன் சகோதர முஸ்லிமை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்றிருக்க, தன் மனைவியை ஒதுக்கி வைப்பது எந்த மார்க்கம்? அந்தப் பெண் குடிக்கவில்லை. குடும்பத்துக்கு ருசியாகச் சமைக்க எண்ணி, அண்ணனின் சொல்லை நம்பினார். அவ்வளவே. நாட்டுப்புற அரபி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். ஸஹாபாப் பெருமக்கள் பாய்ந்தபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரை முடிக்க விட்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்லி, பிறகு அவருக்குப் பள்ளியின் மரியாதையை எடுத்துச் சொன்னார்கள். அல்லாஹ்வின் வீட்டில் நடந்ததற்கே அந்த நடத்தை என்றால் உம்முடைய சமையலறையில் நடந்ததற்கு உம்முடைய நடத்தை எப்படி இருக்க வேண்டும்? அண்ணனுக்கும் கடுமையாக எழுத வேண்டாம். அவருடைய தொழிலிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. மதுவைப் பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர் என்று பத்துப் பேரைச் சபித்த நபிமொழியை எடுத்துச் சொல்லி, மது புழங்காத அடுப்புக்கு மாறிக்கொள்ளும்படி அன்போடு எழுதலாம். ஐரோப்பிய நகரங்களில் ஹலால் உணவு விடுதிகளுக்கும் இன்று பஞ்சமில்லை.

அந்த மணம் மட்டும் வேண்டுமே என்று மருமகள் கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. ஆரஞ்சின் மணம் சாராயத்தில் இல்லை, தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. நன்கு கழுவிய ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவிக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள வெள்ளைச் சதை கசக்கும், அதைத் தொட வேண்டாம். சீவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்கி அரை மணி வைத்தால் சர்க்கரை அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அந்தச் சர்க்கரையை முட்டை, பால் கலவையில் போட்டு, ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் அண்ணன் கொண்டுவந்த புட்டி தோற்றுவிடும். இன்னும் இனிப்பு வேண்டுமானால் உலர்ந்த திராட்சையை இரவில் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரையும் சிறிது சேர்க்கலாம். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காலையில் ஊறவைத்ததை மாலையிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் கொடுத்திருக்கிறார்கள். நாள்பட வைத்து நுரைக்க விடலாகாது. அது வேறு பொருளாகிவிடும்.

கடைசியாக அந்த அரைப் புட்டி. விலையுயர்ந்தது, அண்ணன் ஆசையாகத் தந்தது, மாற்று மதத்து நண்பருக்குக் கொடுத்துவிடலாமா, காடியாக மாற்றலாமா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அநாதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வந்த மதுவைக் காடியாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டபோது கூடாது என்றார்கள். ஒருவர் தோற்பை நிறைய மதுவை அண்ணலாருக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அது ஹராமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. தெரிவித்ததும் அருகிலிருந்தவரிடம் விற்றுவிடும்படி காதோடு கிசுகிசுத்தார். குடிப்பதை விலக்கியவனே விற்பதையும் விலக்கினான் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் சொன்னதும், பையின் வாயை அவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் போகும்வரை ஊற்றிவிட்டார். அந்த மனிதரை யாரும் ஏசவில்லை. மேல்சித்தாமூர் வீட்டிலும் அவ்வாறே நடக்கட்டும். புட்டியை மருமகளே தம் கையால் சாக்கடையில் கவிழ்க்கட்டும். மூத்த மகன் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றட்டும்.